பாதித் தண்ணீர்

நீச்சல் குளத்தில் வேலை பார்க்கிறவனுக்கு நீச்சல் தெரியாது என்றால் யார் நம்புவார்கள்? நானே நம்பவில்லை. டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தே தலை நரைத்தவள் நான். மீசை அரும்பிய பையனைக் காட்டி, இன்னும் பத்து வயது ஆகவில்லை என்று அரை டிக்கெட் கேட்ட அப்பாக்களை எல்லாம் பார்த்தவள். அதனால் மோட்டார் தம்பி இந்தக் குளத்தில் ஒரு நாள்கூடக் கால் நனைத்ததில்லை என்று அவன் பெண்டாட்டி சொன்னபோது, என் காதில் பூச்சுற்றப் பார்க்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

குளத்தின் பம்ப்புகளைப் பார்த்துக்கொள்கிறவன் என்பதால் எல்லோரும் அவனை மோட்டார் என்றே கூப்பிடுவார்கள். நான் வயதில் மூத்தவள், கூடவே தம்பி என்று சேர்த்துக்கொள்வேன். தம்பிக்கும் முன்வழுக்கை விழுந்து வருஷங்கள் ஆகியிருந்தன. குளத்துக்குப் பின்னால் சில படிகள் இறங்கினால் பம்ப் ரூம். இரண்டு பெரிய மோட்டார்கள், மணல் நிரப்பிய ஃபில்டர் தொட்டி, பச்சைப் பெயின்ட் உரிந்த குழாய்கள், கையால் திருகும் வால்வுகள், மூக்கைப் பொசுக்கும் குளோரின் வாடை. பகல் முழுக்க அங்கேதான் கிடப்பான். மோட்டார் சத்தத்தில் ஏதாவது சின்ன வித்தியாசம் தெரிந்தால் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து ஓடுவான். பெண்டாட்டி கூப்பிட்டால் மட்டும் காது கேட்காது. இதை அவளே சொல்லிச் சிரிப்பாள்.

பம்ப் ரூமை ஒட்டி, மேலே தரைமட்டத்தில் இரண்டு அறைகள். வேலையோடு சேர்த்துக் கொடுத்தது. முன்னறையில் கட்டிலும் தையல் மிஷினும், பின்னறையில் அடுப்பும் இரண்டு குடங்களும். சுவரில் எந்நேரமும் ஈரம் ஊறிக்கொண்டே இருக்கும், மழைக்காலத்தில் அலமாரித் துணிகளில் பூஞ்சை பிடிக்கும். ஆனாலும் அதை அவள் மாளிகை மாதிரி வைத்திருந்தாள். காரணம், அந்த வீட்டுக்கு ஒரு படிகூடக் கிடையாது. குழந்தையாக இருந்தபோது வந்த காய்ச்சலில் அவளுக்கு ஒரு கால் சூம்பிப் போயிருந்தது. சமதரையில் இழுத்து இழுத்து நன்றாகவே நடப்பாள். கடைத்தெருவுக்குப் போவாள், துணி வாங்கி வந்து தைத்துக் கொடுப்பாள், என் ஜன்னலுக்கு வந்து நின்று ஊர்க்கதை பேசுவாள். படி என்று வந்துவிட்டால் ஒவ்வொன்றாக உட்கார்ந்து உட்கார்ந்துதான் ஏற வேண்டும். கல்யாணமான புதிதில் ஒரு மாடி வீட்டில் இருந்தார்களாம். எதிர்வீட்டுக்காரியின் முகம்கூடத் தனக்குத் தெரியாமலே அந்த வருஷங்கள் போயின என்று சொல்வாள்.

தண்ணீரைக் கண்டு நடுங்குகிற ஒருவன் இந்த வேலைக்கு வந்ததே அவள் காலுக்காகத்தான். அதற்கு முன் மோட்டார் ரிப்பேர் கடையில் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றிக்கொண்டிருந்தான். குளத்து மோட்டார் எரிந்துபோய் அந்தக் கடைக்கு வந்தது, அதைத் திருப்பி மாட்ட வந்தவனை அப்போதிருந்த சூப்பர்வைசர் இங்கேயே இருந்துவிடு என்றார். தரைமட்டத்தில் வீடு என்று கேட்டதும் தலையாட்டிவிட்டான். குளத்தங்கரை ஓரமாக நடக்காமல் மதிலை ஒட்டியே போய்வருவான். நாங்கள் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டோம்.

பயம் எங்கிருந்து வந்தது என்பதைப் பிற்பாடுதான் என்னிடம் சொன்னான். அவன் சிறுவனாக இருந்தபோது வீட்டு முற்றத்தில் நிலத்தடித் தொட்டி ஒன்று இருந்தது. லாரியில் தண்ணீர் வந்து ட்யூப் போட்டு நிரப்பிக்கொண்டிருந்தார்கள். மூடி திறந்திருந்தது. எட்டிப் பார்த்தவன் உள்ளே விழுந்துவிட்டான். யாரும் பார்க்கவில்லை. தொட்டிக்குள் மோட்டாருக்குப் போகிற குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நுனிக்காலில் நின்றான். தண்ணீர் முகவாய்வரை வந்து நின்றுவிட்டது, லாரி காலியாகிவிட்டதால். பிழைத்தோம் என்று நினைத்தபோது யாரோ ட்யூபை உருவிவிட்டு மூடியைப் போட்டு மூடினார்கள். தலைக்கு மேலே அம்மாவும் சித்தப்பாவும் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு வீடெல்லாம் தேடுவது அவனுக்குக் கேட்டது. பதில் சொல்ல வாயைத் திறந்தால் தண்ணீர் புகுந்தது. எவ்வளவு தண்ணீர் நிரம்பியிருக்கிறது என்று பார்க்கச் சித்தப்பா மூடியைத் தூக்கியதால் கிடைத்தான்.

"அதுலேர்ந்து தலைக்குத் தண்ணி ஊத்தினதே இல்லக்கா. ஈரத்துணியால தொடச்சுக்குவேன். முடி கொட்டினது அதனாலதான்னு இவ சொல்றா" என்றான்.

"உங்க அப்பாவுக்கு முடி இருந்துச்சா?"

"இல்ல."

"அப்புறம் எதுக்குத் தண்ணிமேல பழி போடறே" என்றேன். சிரித்தான். கதையைச் சொல்லி முடித்ததும் கைகளைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டான்.

இப்படியே ஓடியிருக்கும். எங்கேயோ வேறொரு குளத்தில், தரை கழுவுகிற ஆள் வழுக்கித் தண்ணீரில் விழுந்து செத்துப்போனான். உடனே மேலிடத்துக்கு ஞானம் பிறந்துவிட்டது. கேட்டுக்கு உள்ளே வேலை செய்கிற எல்லோரும் குளத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை நீந்திக் காட்ட வேண்டும், முடியாதவர்களுக்கு வேலை இல்லை என்று உத்தரவு வந்தது. என் ஜன்னல் கேட்டுக்கு வெளியே இருந்ததால் நான் தப்பித்தேன். புதிதாக வந்திருந்த மேனேஜர், இளைஞர், நல்ல மனிதர்தான், அதுதான் எனக்கு எரிச்சல், திட்டக்கூட முடியாது. மோட்டாரைக் கூப்பிட்டுப் பக்குவமாகச் சொன்னார். மழைக்காலம் முடியும்வரை நேரம் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் அவன் பெண்டாட்டி என் ஜன்னலுக்கு வந்தாள்.

"இவருக்கு வேலை போனா இந்த வீடும் போகும்க்கா. எங்க போனாலும் நமக்குக் கட்டுப்படியாகறது மாடிதான். கீழ் வீடெல்லாம் கடைக்காரங்க எடுத்துடறாங்க."

"அவன் என்ன சொல்றான்?"

"கத்துக்கறேன்னு சொல்றார். சொல்லும்போதே மூஞ்சி வெளுத்துப்போகுது."

கற்றுக்கொள்வது எப்போது என்பது ஒரு பெரிய கேள்வி. விடியற்காலையிலேயே முதல் கூட்டம் துண்டோடு வந்து நிற்கும். அங்கிருந்து ராத்திரி பூட்டும்வரை குளம் பொதுமக்களுக்கு, வேலைக்காரர்கள் இறங்கக் கூடாது. பூட்டிய கையோடு அவன் குளோரின் மருந்து கலக்க வேண்டும், கலக்கினால் விடியும்வரை யாரும் தொடக் கூடாது. மிச்சம் இருந்தது திங்கட்கிழமை. அன்று விடுமுறை. எங்கள் ஃபில்டர் கிழட்டு ஃபில்டர், தண்ணீரை முழுசாகச் சுத்தம் பண்ண அதற்குத் தெம்பில்லை. அதனால் திங்கட்கிழமை பாதித் தண்ணீரை வெளியேற்றிவிட்டுச் சாயங்காலம் புதுத் தண்ணீரை ஏற்றுவது வழக்கம். நடுவில் பகல் முழுக்கக் குளம் பாதியாகக் கிடக்கும். ஆழமில்லாத பக்கம் தரை காய்ந்து தெரியும். ஆழமான பக்கத்தில் கழுத்தளவு நிற்கும்.

அதில்தான் ஆரம்பித்தான். முதல் திங்கட்கிழமை ஏணிப்படியில் இடுப்புவரை இறங்கியதோடு சரி. அடுத்த வாரம் கழுத்துவரை. நடுவில் மற்ற நாட்களில் வீட்டுக்குள்ளே ஒரு வாளித் தண்ணீரில் முகத்தை வைத்துப் பழகினான். பெண்டாட்டி பக்கத்தில் உட்கார்ந்து அவன் முதுகில் கை வைத்திருப்பாள். முதல் தடவை முகம் நனைந்ததும் வாளியை எட்டி உதைத்துவிட்டான். தையலுக்கு வைத்திருந்த யாரோ ஒருத்தியின் கல்யாணப் புடவை நனைந்துவிட்டது. அவள் அதைக்கூடச் சிரித்துக்கொண்டுதான் உலர்த்தினாள்.

விசில்காரன், குளத்தில் மூழ்குகிறவர்களைக் காப்பாற்றுகிறவன், இரண்டு திங்கட்கிழமை வந்து மிதக்கவும் கையை வீசவும் சொல்லிக்கொடுத்தான். விடுமுறை நாளில் அதற்கு மேல் அவனை எதிர்பார்க்க முடியாது. பிறகு அவள்தான் துணை. தண்ணீரில் விழுந்த இலை அள்ளுகிற வலை இருக்கிறதே, நீளக் கம்பு வைத்தது, அதைப் பிடித்துக்கொண்டு கரையோரமாக இழுத்து இழுத்து அவன் கூடவே நடப்பாள். முடியாவிட்டால் பிடித்துக்கொள்ள. நானும் விடுமுறை நாளில் வீட்டில் கிடக்காமல் வேடிக்கை பார்க்க வந்தேன். சும்மா இருப்பேனா, "தம்பி, தவளைகூட உன்னைப் பாத்துச் சிரிக்குது" என்று ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பேன்.

ஒரு திங்கட்கிழமை, ஏணியிலிருந்து கிளம்பி எதிர்ச்சுவரைத் தொட்டுவிட்டான். குறுக்காகத்தான், நீளவாக்கில் போகத் தண்ணீர் ஏது. தொட்டுவிட்டுத் தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தான். முகம் முழுக்கத் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, அவன் அதைத் துடைக்கவே இல்லை. அவள் கம்பால் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அவன் திரும்பவும் நீந்தி இந்தப் பக்கம் வந்தான், மறுபடி அந்தப் பக்கம் போனான். அன்று வீட்டுக்குப் போய்க் குழாயடியில் உட்கார்ந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டானாம். சோப்பு எப்படிப் போடுவது என்று கேட்டான் என்று அவள் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

அதற்குப் பிறகு அவன் நடையே மாறியது. மதிலை விட்டுவிட்டுக் கரையோரமாக நடந்தான். வாரா வாரம் குறுக்கே போய் வந்துகொண்டிருந்தான். நாலைந்து வீச்சுக்கு ஒருமுறை ஒரு கால் கீழே இறங்கிக் கட்டைவிரல் தரையைத் தொட்டுவிட்டு மேலே வரும். பார்த்தேன், அது அவன் பாணி என்று நினைத்தேன். விசில்காரனும் ஒருமுறை பார்த்துவிட்டு, "போதும்ண்ணே, இது போதும்" என்றான். தண்ணீர் தண்ணீர்தானே என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். எந்த வால்வைத் திருகினால் தண்ணீர் எங்கே நிற்கும் என்பது அவனுக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும். அவனுக்கே தோன்றவில்லை. அதே சுவர், அதே ஓடு, அதே ஏணி. நிரம்பினால் அது வேறு குளம் என்று யாருக்கு உறைக்கும்?

சோதனையைச் செவ்வாய்க்கிழமை விடியற்காலையில், முதல் கூட்டம் வருமுன் வைத்தார்கள். முந்தின நாள் சாயங்காலம் தண்ணீரை ஏற்றியது அவன்தான். சோதனை நடப்பதால் மருந்தைக் கொஞ்சமாகப் போட்டு, விளிம்புவரை நிரப்பி, வால்வைத் தன் கையாலேயே திருகி மூடினான்.

மேனேஜர் மேலிடத்துக்கு அனுப்புவதற்காக செல்போனில் படம் எடுத்துக்கொண்டு நின்றார். "பயப்படாதீங்க. மெதுவாவே போங்க" என்றார்.

"பயமெல்லாம் போயிருச்சு சார்" என்று சொல்லிவிட்டு ஆழமில்லாத பக்கத்தில் இறங்கினான். முகத்தை உள்ளே வைத்தான். கிளம்பினான். நன்றாகத்தான் போனான். பாதியில் நீல ஓடு பதித்த கோடு ஒன்று உண்டு, அங்கிருந்து தரை சரிந்து ஆழமாகும். அதைத் தாண்டினான். வழக்கம்போல ஒரு கால் கீழே இறங்கியது. மாடிப்படியில் இன்னொரு படி இருக்கிறது என்று நினைத்துக் காலை வைத்தவன் மாதிரி உடம்பு தூக்கிப்போட்டது. மறுபடி காலை நீட்டித் துழாவினான். அங்கே ஒன்றும் இல்லை. நேராக நின்றபடியே உள்ளே போனான்.

அவள் கம்பைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஓடினாள் என்றுதான் சொல்ல வேண்டும், அந்தக் காலை வைத்துக்கொண்டு. கம்பை அவன் முகத்துக்கு நேராக நீட்டினாள். தண்ணீருக்குள் அவன் கண் திறந்துதான் இருந்தது, ஆனால் கம்பைப் பிடிக்கவில்லை. விசில்காரன் குதித்துத் தூக்கிக்கொண்டு வந்து கரையில் போட்டான். குப்புறப் படுத்து இருமிக்கொண்டிருந்தவன் இரண்டு கைகளாலும் தரையைத் தடவிக்கொண்டே இருந்தான்.

மேனேஜர் போனை அணைத்துவிட்டார். "இத அனுப்பல. அடுத்த வாரம் இன்னொரு தடவை பாக்கலாம்" என்றார். சொன்னேனே, நல்ல மனிதர்.

நடுவில் விசில்காரன் மனசு கேட்காமல் ஒரு காரியம் செய்தான். ஒரு நாள் பூட்டிய பிறகு, மேனேஜருக்குத் தெரியாமல் மருந்து போடுவதைத் தள்ளி வைத்துவிட்டு, நிரம்பின தண்ணீரில் பழக்கலாம் என்று மோட்டாரை இறக்கினான். இத்தனை வருஷத்தில் மோட்டார் மருந்தைத் தாமதமாகப் போட்டது அன்று ஒரு நாள்தான். நீலக் கோடுவரை பல்லைக் கடித்துக்கொண்டு போனான். அதைத் தாண்டியதும் விசில்காரனின் கழுத்தைக் கட்டிக்கொண்டுவிட்டான். உடும்புப் பிடி. இரண்டு பேரும் சேர்ந்து முங்கினார்கள். எப்படியோ ஏணியைப் பிடித்துத் தப்பித்து வந்த விசில்காரன் கழுத்தில் நகக்கீறலோடு கரையில் உட்கார்ந்து, "என்னால முடியாதுண்ணே. எனக்கும் வீட்டுல புள்ளைங்க இருக்கு" என்றான். மோட்டார் அவன் காலைத் தொட்டு மன்னிப்புக் கேட்டான். எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை கழுத்தளவுத் தண்ணீரில் நின்றான். நின்றான், அவ்வளவுதான். காலைத் தரையிலிருந்து எடுக்க முடியவில்லை. குறுக்கே அத்தனை தடவை போய்வந்த அதே இடம்.

"எடுங்க. நான் இருக்கேன்ல" என்று அவள் கம்பை நீட்டிக்கொண்டே நின்றாள்.

"எடுக்கணும்னுதான் பாக்கறேன். கால் கேக்க மாட்டேங்குது."

"முன்னாடி எடுத்தீங்களே."

"முன்னாடி கீழ தரை இருக்குன்னு நெனச்சேன்."

"இப்பவும் இருக்கே."

"இருக்கு. சாயங்காலம் இருக்காதே" என்றான்.

வெயில் உச்சிக்கு வரும்வரை அவள் கம்பை இறக்கவில்லை. செவ்வாய்க்கிழமை அவன் சோதனைக்கு இறங்கவே இல்லை. மேனேஜர் அறைக்குப் போய் பம்ப் ரூம் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு வந்தான். அவனுக்குப் பதிலாக வந்தவன் நன்றாக நீந்துவான், மோட்டார் சத்தம் மட்டும் அவனுக்குப் புரியாது. போன மாதத்தில் ஒன்று எரிந்துபோனது. அதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம், மறைப்பானேன். அந்தச் சந்தோஷத்தால் யாருக்கு என்ன லாபம்?

அவர்கள் குடிபோன இடத்துக்குப் போன வாரம்தான் போனேன். நான்காவது மாடி. ஏறி முடிப்பதற்குள் எனக்கே நாக்குத் தள்ளிவிட்டது. ஒரே அறை, அதற்குள்ளேயே அடுப்பு, கட்டில், தையல் மிஷின். சுவரில் ஈரம் இல்லை, அதை மட்டும் நல்லதாகச் சொல்லலாம். மிஷின்மேல் துணி எதுவும் இல்லை. இவ்வளவு படி ஏறி வந்து யார் தைக்கக் கொடுக்கப் போகிறார்கள்? அவன் பழைய ரிப்பேர் கடையில் மறுபடி காயில் சுற்றுகிறானாம். கடைக்காரர் பழைய முதலாளியின் மகன், இவனை டேய் என்று கூப்பிடுகிறாராம். தலைக்கு மறுபடி ஈரத்துணிதான்.

வழக்கமான கிண்டல் வாயில் வந்துவிட்டது. "என்ன தம்பி, நீச்சலெல்லாம் மறந்துபோச்சா?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட வாயை அங்கேயே தைத்துக்கொண்டிருக்கலாம்.

அவன் கோபித்துக்கொள்ளவில்லை. "எனக்கு நீச்சல் தெரியும்க்கா. தண்ணிதான் அதிகமாப் போச்சு" என்றான். சிரிக்கிறானா என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. கடைக்கு நேரமாகிவிட்டது என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிப் போனான்.

அவள் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அங்கிருந்து எதிர்க்கட்டடத்தின் பின்சுவரும் குழாய்களும்தான் தெரியும். முகம் ஊதியிருந்தது. என் ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு மணிக்கணக்கில் பேசியவளுக்கு இப்போது பேச ஒரு சேதியும் இல்லை, நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வாம்மா, கடைத்தெருப் பக்கம் போய்ட்டு வரலாம். என் தோளப் பிடிச்சுக்கோ, மெதுவா இறங்கலாம்" என்றேன்.

அவள் வாசல்வரை வந்தாள். படிகளை எட்டிப் பார்த்தாள். கைப்பிடிக் கம்பியில் கையை வைத்துப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டாள்.

"இறங்கிருவேன்க்கா" என்றாள். "திரும்ப ஏறணுமே."

நான் தனியாகத்தான் இறங்கி வந்தேன்.